கொக்குவில் வளவுக்குக் கனடாவில் ஒரு காவல்காரன்

வீட்டுக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டரைக் கள்ளன் கழற்றிக்கொண்டு போனது எங்களுக்குக் கனடாவிலிருந்துதான் தெரியவந்தது. கொக்குவிலில், எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்த களவு அது. அந்த வீட்டுக்காரர் தங்கள் கமராவில் விழுந்த படத்தை வட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பியிருக்கிறார். அது இலண்டனுக்கும் பாரிசுக்கும் போய்ச் சுற்றி, கனடாவில் இருக்கிற என் தம்பியின் போனுக்கு வந்து, அவன் எங்களுக்கு அனுப்பியபோது நானும் என் கணவரும் முற்றத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

படத்தில் கள்ளன் நன்றாகத் தெரிந்தான். முகம் மட்டும் தெரியவில்லை. முழு முகத்தையும் மூடுகிற ஹெல்மெட் போட்டிருந்தான். நாடிக்குக் கீழே வாரையும் ஒழுங்காகக் கொழுவியிருந்தான். எங்கள் பக்கத்தில் ஹெல்மெட் என்பது மோட்டார் சைக்கிளின் கைபிடியில் தொங்குகிற சாமான். பொலிஸ் நிற்கிற சந்திக்குக் கொஞ்சம் முன்னால் அதை எடுத்துத் தலையில் கவிழ்ப்பார்கள்; சந்தி கழிந்ததும் அது திரும்பவும் கைபிடிக்குப் போய்விடும்.

"இவ்வளவு ஒழுங்கா ஹெல்மெட் போடுறவன் எங்கடை ஊராளா இருக்கேலாது" என்று என் கணவர் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

போனில் இருந்த தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. "அத்தான், பகிடி விடாதேங்கோ. உங்கடை வீட்டுக்கு என்ன பாதுகாப்பு இருக்குது, சொல்லுங்கோ பாப்பம்."

சொல்லலாம். கேற்றில் ஒரு ஆமைப்பூட்டுத் தொங்கியது. அதைப் பூட்டினால் திரும்பத் திறப்பது கஷ்டம் என்பதால் நாங்கள் பூட்டுவதில்லை. மதிலின் மேல் அப்பா காலத்தில் பதித்த போத்தல் ஓடுகள் இருந்தன. முன்பக்கத்தில் அவற்றின் மேல் காகம் சௌகரியமாக இருக்கும். நாய் ஒன்று இருந்தது. அது வருகிறவரை வாசல்வரை கூட்டிவந்துவிட்டு, போகும்போது கேற்றடிவரை போய் வழியனுப்பிவிட்டு வரும். வீட்டுத் திறப்பு குரோட்டன் சாடிக்குக் கீழே இருந்தது. அது அங்கே இருப்பது மீன்காரருக்கும் பால் கொண்டுவருகிற பெண்ணுக்கும் தெரியும். நாங்கள் இல்லாத ஒரு நாள் மழை பெய்தபோது தபால்காரர் அந்தத் திறப்பை எடுத்து, வீட்டைத் திறந்து, கடிதங்களை நனையாமல் மேசையில் வைத்து, திரும்பப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் சொன்னேன். "நான் கமரா பூட்டிற ஆளை அனுப்பிறன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி போனை வைத்தான்.

அவனுடைய தொழிலே காவல். ஓர் உயரமான தொடர்மாடிக் கட்டடத்தின் வாசலில், கமராப் படங்கள் ஓடுகிற திரைகளுக்கு முன்னால், விடிய விடிய இருப்பான். ஊரைவிட்டுப் போனபோது மீசை சரியாக முளைக்கவில்லை. இப்போது தலையில் மயிர் குறைந்துவிட்டது. வீடு எனக்குச் சீதனமாக வந்ததுதான் என்றாலும், அவன் பிறந்து வளர்ந்த வளவு. அதனால் அதைப் பற்றிக் கவலைப்பட அவனுக்கு உரிமை இருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். அந்த உரிமை எவ்வளவு தூரம் போகும் என்று அப்போது தெரியாது.

அடுத்த கிழமையே கமரா பூட்டுகிறவர் பண்டத்தரிப்பிலிருந்து ஏணியோடு வந்து இறங்கினார். தம்பி வீடியோவில் நின்று, எந்தத் தூணில், எந்தச் சரிவில் என்று அவரை ஆட்டிவைத்தான். கேற்றடிக்கு ஒன்று, முற்றத்துக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, குசினிக்குப் பின்புறம் ஒன்று. கேற்றடிக் கமராவுக்குக் காதும் வாயும் இருந்தன. அங்கே கதைத்தால் கனடாவில் கேட்கும். கனடாவில் கதைத்தால் இங்கே கேட்கும்.

என் போனிலும் அதைப் பார்க்கிற வழியைச் செய்து காட்டினார். நான் கந்தோரில் வேலை செய்த காலத்தில் புதிய சுற்றறிக்கை வந்தால் தலையாட்டுவது போலத் தலையாட்டினேன். தேத்தண்ணீர் கொடுக்கும்போது, "உங்கடை வீட்டிலை எத்தினை பூட்டி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"எங்கடை வீட்டிலை ஒண்டும் இல்லை, அக்கா. மனிசி சம்மதிக்கேல்லை" என்றார் அவர்.

அந்த மனிசியிடம் அன்றைக்கே நான் கதைத்திருக்க வேண்டும்.

சண்டைக் காலத்தில் ஆமிக்காரருக்கு வீட்டுக்குள் யார் யார் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்து, குடும்பமாக நின்று படமும் எடுத்துக் கொடுத்துக் களைத்துப்போன சனம் நாங்கள். யாராவது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி நடக்கவேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். கமரா பூட்டிய மறுநாளே அந்தப் பழக்கம் திரும்பி வந்துவிட்டது. காலையில் மேலுக்கு ஒன்றும் இல்லாமல் சாரத்தோடு முற்றத்தில் உலாவுகிற என் கணவர் பெனியன் போட்டார். அடுத்த கிழமை சேர்ட் போட்டார். நான் குப்பை கொட்டப் போகும்போது தலைமயிரை வாரி இழுத்துக்கொண்டு போனேன். பால் கொண்டுவருகிற பெண் கேற்றடியில் நின்று, முதலில் கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

கிணற்றடிதான் பெரிய பிரச்சினையாக வந்தது. என் கணவர் குளிப்பறைக்குள் குளிக்கிறவர் அல்ல. கிணற்றுக்கட்டில் நின்று, வாளி வாளியாக அள்ளி ஊற்றி, ஊருக்கே கேட்கச் செருமிக் குளித்தால்தான் அவருக்குக் குளித்ததாகும். "அங்கை உம்மடை தம்பி மட்டுமே பாக்கிறான்? மச்சாளும் பாப்பா, பிள்ளையளும் பாக்குங்கள்" என்று என்னோடு சண்டை பிடித்துவிட்டு, கதிரையில் ஏறிக் கமராவின் மேல் பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் குளித்தார். தலை துவட்டுவதற்குள் என் போன் அடித்தது.

"அக்கா, கிணத்தடிக் கமரா இருட்டாக் கிடக்குது. ஆரோ மறைச்சிருக்கினம். கவனம், வெளியிலை போகாதேங்கோ!"

"அத்தான் குளிக்கிறாரடா. வாளியைக் கவிட்டு வைச்சிருக்கிறார்."

"குளிக்கட்டும். வாளியை எடுக்கச் சொல்லுங்கோ."

அப்படித் தொடங்கியது. எங்களுக்குப் பகல் என்றால் அவனுக்கு இரவு. இரவென்றால் அவனுக்கு வேலை நேரம். ஒரு கட்டடத்தைக் காவல் காக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, என் தம்பி எங்கள் வளவைக் காவல் காத்தான். தென்னையிலிருந்து தேங்காய் விழுந்தால் எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்தது. "அக்கா, மதிலோரம் ஒண்டு விழுந்து கிடக்குது, எடுங்கோ." குரோட்டன் சாடிக்குக் கீழே திறப்பு வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டான். கேற்றை எப்போதும் பூட்டச் சொன்னான். பூட்டியதால், வருகிற ஒவ்வொருவருக்கும் போய்த் திறந்துவிடுகிற வேலை எனக்கு வந்தது.

சீனி வருத்தத்தால் இனிப்பு விலக்கப்பட்ட என் கணவருக்கு இன்னொரு நட்டமும் வந்தது. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிசும் விற்கிற ஓட்டோ வரும். பாண் வாங்கப் போகிறேன் என்று அவர்தான் போவார். பல வருடமாக நான் அதை என் மேல் உள்ள அன்பு என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தம்பி சொன்னான்: "அக்கா, அத்தான் பாண் வாங்கேக்கை ஒரு ஜாம் பணிசும் வாங்கி, கேற்றடியிலையே நிண்டு திண்டிட்டு, வாயைத் துடைச்சிட்டுத்தான் உள்ளை வாறவர். உங்களுக்குத் தெரியுமே?"

தெரியாது. அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுதப்போவதில்லை. அடுத்த நாள் தொடக்கம் என் கணவர் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பணிஸ் சாப்பிட்டார் என்பதை மட்டும், பின்னாளில் அவரே சொல்லி அறிந்தேன். நாலு கமராவுக்கும் எட்டாத இடம் வளவில் அது ஒன்றுதானாம். வங்கியில் காசாளராக வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதர். பாதுகாப்பில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கத் தெரியாதா?

குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற மீன்காரர் ஒருவர்தான் கமராவால் நன்மை அடைந்தார். விலை கூட என்று நான் மூக்கைச் சுளித்தால், அவர் என்னை விட்டுவிட்டு மீனைக் கேற்றடிக் கமராவுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்.

"அண்ணை, பாருங்கோ, விளைமீன். செவுளைப் பாருங்கோ. அக்கா வேண்டாமெண்டிறா."

"அக்கா, வாங்குங்கோ. நல்ல மீன்" என்று மதிலிலிருந்து தம்பியின் குரல் வரும். "தலையைச் சொதி வையுங்கோ."

அவன் அங்கே அந்த நேரத்தில் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது முன்வீட்டு ரீச்சரைப் பற்றிச் சொல்லவேண்டும். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர், தனியே இருக்கிறார். தம்பிக்கும் படிப்பித்தவர்தான். விடியற்காலையில் நுனியில் கொக்கி வைத்த கொக்கத்தடியும் பூக்கூடையும் கொண்டு புறப்பட்டு, ஒழுங்கையில் யார் யார் வீட்டு மதிலுக்கு மேலால் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் எட்டிப் பார்க்கின்றனவோ அதையெல்லாம் சாமிக்கு ஆய்ந்துகொண்டு போவார். இது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். ஆனால் இதில் ஒரு நாகரிகம் உண்டு. பூவுக்குச் சொந்தக்காரர் அந்த நேரத்தில் எழும்பியிருக்கக் கூடாது. எழும்பினாலும் கதவைத் திறக்கக் கூடாது. நான் பல நாள் விழித்துக்கொண்டு படுத்திருந்து, கொக்கத்தடிச் சத்தம் போனபிறகு எழும்பியிருக்கிறேன். யாரும் அதைப் பற்றிக் கதைக்காதவரை அது களவு அல்ல.

தம்பி கதைத்துவிட்டான். அன்றைக்கு அவன் வேலைக்கு வந்து கதிரையில் இருந்து போனைத் திறந்திருக்கிறான். எங்கள் கேற்றடியில் ஒரு கொக்கத்தடி ஆடியிருக்கிறது.

"ஆரது? பூ ஆயிறது ஆர்?" என்று மதில் அதட்டியது. நான் படுக்கையிலிருந்து பதறி எழும்பினேன்.

ரீச்சர் ஓடவில்லை. கொக்கத்தடியை இறக்கவுமில்லை. "ஆரெண்டு கேக்கிற வேலை என்ரை. நீ ஆர்?" என்றார்.

பிறகு மதில் மெல்லிய குரலில் சொன்னது: "ரீச்சரே? நான்தான், ரீச்சர். கனடாவிலை இருந்து."

"உன்ரை குரல்தானெண்டு நினைச்சன். என்னடா, எப்பிடி இருக்கிறாய்? பிள்ளையள் சுகமே? அங்கை இப்ப என்ன நேரம்?"

"இரவு, ரீச்சர்."

"அப்ப ஏன் நித்திரை கொள்ளாமல் இருக்கிறாய்?"

"வேலை, ரீச்சர்."

"என்ன வேலை?"

தம்பி கொஞ்சம் தயங்கினான். "காவல் வேலை, ரீச்சர்."

"ம். கவனமாச் செய். அந்த மேல்கொப்பிலை நிறையப் பூ நிக்குது, எனக்கு எட்டுதில்லை. அக்காவைக் கொஞ்சம் வளைச்சுக் கட்டிவிடச் சொல்லு."

அன்றைக்கே தம்பி போன் எடுத்து, செவ்வரத்தைக் கொப்பை வளைத்துக் கட்டச் சொன்னான். நாங்கள் கட்டினோம்.

அதற்குப் பிறகு விடியற்காலைகளில் ரீச்சர் எங்கள் கேற்றடியில் நின்று மதிலோடு கதைப்பது வழக்கமாகிவிட்டது. ஒழுங்கையால் கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு அவர்களும் நின்று, "தம்பி, என்னைத் தெரியுதே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ரீச்சர் அவனுக்குக் கல்யாணம், சாவீடு, நெல்லியடிச் சந்தையில் வெங்காய விலை, யார் வெளிநாடு போனது எல்லாம் சொன்னார். அவன் அவருக்குத் தன் மூத்த மகன் கணக்கில் மோசம் என்று சொன்னான். அவர் அந்தப் பிள்ளைக்குப் பின்னம் எப்படிப் படிப்பிப்பது என்று மதிலுக்குப் பாடம் எடுத்தார். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ரீச்சர் எங்களைப் பற்றியும் சொன்னார்.

"அக்கா, நேற்றுப் பகல் முழுக்கக் கேற் பூட்டாமல் கிடந்ததாம்?"

"உனக்கு ஆர் சொன்னது? கமராவே?"

"ரீச்சர் சொன்னவ."

ஆக, களவெடுக்க வந்தவரைக் காவல்காரன் உளவுக்கு வைத்துவிட்டான். என் கணவர் இதைக் கேட்டு, "வேப்பமரத்துக்குப் பின்னாலையும் ரீச்சருக்குத் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வேப்பமரத்தைப் பற்றி எனக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

இப்படியிருக்க, நெல்லியடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். என் கணவரின் பக்கத்துச் சொந்தம். ஸ்கூட்டரில் போய், சாப்பிட்டு, மத்தியானம் திரும்பிவந்து கேற்றடியில் நின்றால், திறப்பு இல்லை.

"இஞ்சேரும், நீர் திறப்பை எங்கை வைச்சனீர்?" என்றார் அவர்.

"நான் வைக்கேல்லை. நீங்கள்தானே பூட்டினனீங்கள்."

"வங்கித் திறப்பை இத்தினை வருசமாத் துலைக்காதவன் நான்."

"அப்ப இதையும் துலைச்சிருக்க மாட்டியள். எடுங்கோ."

சட்டைப்பை, வேட்டி மடிப்பு, என் கைப்பை எல்லாம் பார்த்தோம். இல்லை. பழைய காலம் என்றால் கேற்றும் திறந்திருக்கும், திறப்பும் குரோட்டன் சாடிக்குக் கீழே இருக்கும். இப்போது பாதுகாப்பு. கேற்றடிக் கமரா நல்ல வெயிலில் கண் கூசிக்கொண்டு எங்கேயோ பார்த்தது. நான் எதிர்ப்பக்கம் ரீச்சர் வீட்டு மாமர நிழலில் ஒதுங்கினேன். ரீச்சர் மத்தியான நித்திரை. கூப்பிட மனம் வரவில்லை.

என் கணவர் யோசித்தார். குசினிக்குப் பின்னால் மதில் உயரம் குறைந்து பதிவாக இருக்கும். அங்கே பின் ஒழுங்கையால் ஏறி உள்ளே குதித்தால், குசினி யன்னல் கொக்கி போடாமல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வெறும் வளவில் கிடந்த ஒரு சாக்கை எடுத்தார், போத்தல் ஓட்டுக்கு மேல் போட. பிறகு ஸ்கூட்டர் கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டையும் எடுத்துத் தலையில் போட்டார்.

"உதேன்?" என்று கேட்டேன்.

"விழுந்தால் தலை தப்பவேணும்."

நெல்லியடியிலிருந்து கொக்குவில் வரை பொலிஸ் நின்ற இடத்தைத் தவிர வேறெங்கும் வார் கொழுவாமல் வந்த மனிதர், மதில் ஏறுவதற்கு நாடிவாரை இழுத்துக் கொழுவினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் ஒழுங்கைக்குப் போனார்.

கனடாவில் விடியச் சற்று முன்னான நேரம். என் தம்பி போனில் குசினிப் பக்கத்தைப் பார்த்திருக்கிறான். முழு முகத்தையும் மூடிய ஒரு ஹெல்மெட் மதிலுக்கு மேலால் மெல்ல மெல்ல எழும்பிவந்திருக்கிறது.

அவன் எனக்குப் போன் அடித்தான். கல்யாண வீட்டில் சத்தத்தை நிறுத்திய என் போன் கைப்பைக்குள் கிடந்தது. அத்தானுக்கு அடித்தான், அத்தானின் போன் ஸ்கூட்டரில் கிடந்தது. பிறகு ரீச்சருக்கு அடித்தான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், ரீச்சர் வீட்டுக் கதவு படாரென்று திறந்ததும், ரீச்சர் கொக்கத்தடியோடு பாய்ந்து வந்ததும்தான். "பிள்ளை, உங்கடை பின் மதிலிலை கள்ளன்! மோட்டர் களவெடுத்தவன்! ஹெல்மெட்டோடை நிக்கிறானாம்!" என்று என்னைக் கடந்து ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"ரீச்சர், அது கள்ளனில்லை, அது..." என்று நான் சொல்ல வாயெடுத்தபோது கேற்றடிக் கமரா கத்தத் தொடங்கியது. "கள்ளன்! கள்ளன்! எல்லாரும் ஓடி வாங்கோ! டேய், பொலிசுக்கு அடிச்சாச்சு! அசையாதை!" ஒழுங்கையில் கதவுகள் திறந்தன. ஒருவர் கிரிக்கெட் மட்டையோடு வந்தார். ஒருவர் உலக்கையோடு வந்தார். எல்லாரும் ரீச்சருக்குப் பின்னால் ஓட, கடைசியாகச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன். எங்கள் நாய் கேற்றுக்கு உள்ளே படுத்திருந்து வாலை ஆட்டியது.

நான் போய்ச் சேர்ந்தபோது என் கணவர் மதிலின் மேல் சாக்கில் குதிரை ஏறுவதுபோல் இருந்தார். இந்தப் பக்கமும் இறங்க முடியாமல், அந்தப் பக்கமும் குதிக்கத் துணிவில்லாமல், இரண்டு கையாலும் மதிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரீச்சரின் கொக்கத்தடி அவர் வேட்டியை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

"நாந்தான்! நாந்தான்!" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ கேட்டது.

"நானெண்டால் ஆர்? முகத்தைக் காட்டு!" என்று ரீச்சர் அதட்டினார்.

முகத்தைக் காட்டவேண்டுமானால் வாரைக் கழற்றவேண்டும். வாரைக் கழற்றவேண்டுமானால் மதிலில் இருந்து கையை எடுக்கவேண்டும். அவர் கையை எடுக்கவில்லை. வேட்டி போய்விட்டது. நல்லவேளை உள்ளே காற்சட்டை இருந்தது.

"விடுங்கோ ரீச்சர், அது என்ரை மனிசன்!" என்று நான் கத்தினேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மதிலைப் பார்த்தார்கள். உலக்கைக்காரர்தான் ஏறி வாரைக் கழற்றிவிட்டார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வியர்வையில் குளித்த என் கணவரின் முகம் வந்தது. ரீச்சர் கொக்கத்தடியிலிருந்த வேட்டியை எடுத்து உதறி, மடித்து, அவரிடம் நீட்டினார்.

"சொந்த வீட்டுக்குள்ளை போறதுக்கு ஆராவது உப்பிடிப் போறவையே?" என்றார்.

முழங்கையில் உரசிய காயம். துடைக்கத் துணி எடுக்கலாமென்று போய் ஸ்கூட்டர் இருக்கைக்குக் கீழே திறந்தேன். உள்ளே கல்யாண வீட்டுப் பலகாரப் பொதி ஒன்று இருந்தது. சீனி வருத்தக்காரர், எனக்குத் தெரியாமல் வாங்கி ஒளித்தது. பொதியின் அடியில் வீட்டுத் திறப்புக் கோர்வை கிடந்தது. ஒளிக்கிற அவசரத்தில் கையிலிருந்ததையும் சேர்த்து உள்ளே போட்டிருக்கிறார். நான் திறப்பைத் தூக்கிக் காட்டினேன். அவர் காயத்தைப் பார்த்தார்.

கேற்றைத் திறந்தோம். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கேற்றடிக் கமரா இன்னும், "என்ன நடந்தது? பிடிச்சிட்டியளே?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. ரீச்சர் என் கணவரைக் கையில் பிடித்து, ஹெல்மெட்டோடு கமராவுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இந்தா, பாரடா. உன்ரை கள்ளன்."

தம்பி சிரித்த சிரிப்பு ஒழுங்கை முடக்குவரை கேட்டிருக்கும். பிறகு எல்லாரும் ஆளுக்காள் தங்கள் பங்கைச் சொன்னார்கள். உலக்கைக்காரர் தான் ஓங்கிய விதத்தைச் செய்து காட்டினார். பலகாரப் பொதி பிரிக்கப்பட்டு, என் கணவரைத் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. தம்பி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சுகம் விசாரித்தான். இடையிடையே அங்கே ஒரு மணி அடித்ததும், கதவு திறக்கிற சத்தமும், அவன் யாருக்கோ இங்கிலிஷில் காலை வணக்கம் சொன்னதும் எங்களுக்குக் கேட்டன. நாங்கள் கவனிக்கவில்லை. அவனும் கவனிக்கவில்லை என்பதுதான் விசயம்.

அடுத்த நாள் விடிய ரீச்சர் வந்து நின்றார். மதில் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தேங்காய் விழுந்தது, யாரும் சொல்லவில்லை. மீன்காரர் ஒரு பாரை மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, கை வலித்து இறக்கினார். எனக்குப் பயம் வந்து நான் போன் எடுத்தால், மச்சாள்தான் கதைத்தாள்: "கொஞ்சம் பிரச்சினை, மச்சாள். அவரே கதைப்பார்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே எடுத்தான். நாங்கள் மதிலைச் சுற்றிச் சிரித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், அவனுடைய கட்டடத்து வாசலில் இரண்டு பேர் ஏணியோடு வந்து மணி அடித்திருக்கிறார்கள். இவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். அவர்கள் வரவேற்பறைச் சுவரில் இருந்த பெரிய ரிவியை ஆறுதலாகக் கழற்றி, துணி போர்த்து, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்தபிறகு மேலதிகாரி கமராப் பதிவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"அதிலை நான் நல்லா விழுந்திருக்கிறன், அக்கா. எழும்பி நிண்டு கத்திறன். பிறகு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறன். அவங்கள் ரிவியைத் தூக்கிக்கொண்டு போகேக்கை கையும் காட்டிறன்."

"உனக்குச் சந்தேகம் வரேல்லையே?"

"மஞ்சள் அங்கி, தலையிலை தொப்பி, கையுறை, எல்லாம் ஒழுங்காப் போட்டிருந்தவங்கள், அக்கா. வேலைக்கு வந்த ஆக்கள் எண்டு நினைச்சிட்டன்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், "அங்கையும் கள்ளர்தான் ஒழுங்காப் போடுகினமோ?" என்றார். மறுமுனையில் தம்பியும் சிரித்துவிட்டான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

வேலை போகவில்லை. பழைய ஆள் என்று மன்னித்து, வேறு கட்டடத்தில் பகல் வேலை கொடுத்திருந்தார்கள். போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்களாம்.

"ஏனடா உனக்கு இந்த வேலை? நாங்கள் இஞ்சை எங்கடை பாட்டிலை இருந்திருப்பமே" என்றேன்.

"அங்கை திரையிலை ஒண்டும் அசையாது, அக்கா. லிஃப்ற் வாசல், கார் விடுற இடம், திரும்பவும் லிஃப்ற் வாசல். எங்கடை முற்றத்திலை எண்டால் ஒரு கோழியாவது குறுக்காலை போகும்."

அந்தக் கிழமை முழுவதும், பிறத்தி வீட்டுக் கோழி எங்கள் முற்றத்துக்குள் வந்தபோது நான் துரத்தவில்லை. அவன் பார்க்கவில்லை என்று தெரிந்தும்தான்.

காவல் போனதும் வீடு பழையபடி ஆனது. கேற் திறந்தது. என் கணவர் சேர்ட்டைக் கழற்றினார். பணிஸ் வேப்பமரத்தின் முன்பக்கத்துக்கு வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்டால் இல்லை என்றார். ரீச்சரிடம் கேட்டேன். அவரும் இல்லை என்றார். ரீச்சர் பொய் சொல்லமாட்டார்.

பிறகு நான் கொழும்பில் மகள் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய் நின்றேன். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். யன்னலைத் திறந்தால் எதிர் மாடியின் யன்னல். ஒரு நாள் பொழுது போகாமல் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது, கமரா பூட்டியவர் போனில் வைத்துக் காட்டிய கமராவின் சின்னப் படம் கண்ணில் பட்டது. அழுத்தினேன். எங்கள் கேற்றடி வந்தது.

பாண் ஓட்டோ நின்றது. பாட்டுக்கூடக் கேட்டது. என் கணவர் சாரத்தோடு நின்றார். இரண்டு ஜாம் பணிஸ் வாங்கினார். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதை, பூக்கூடையோடு பக்கத்தில் நின்ற ரீச்சரிடம் கொடுத்தார். ரீச்சர் அதைப் பழக்கப்பட்ட கையால் வாங்கினார்.

நான் கதைப்பதற்கான சின்னப் படத்தை அழுத்தினேன். "இஞ்சருங்கோ!"

என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. பணிசோடு நேரே வேப்பமரத்துக்குப் பின்னால் நடந்துபோய்விட்டார். ரீச்சர் மட்டும் நின்று, கமராவை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் ஒரு கணம் சந்தோசம் வந்து போனது.

"ஆர், பிள்ளையே? நான் தம்பியாக்கும் எண்டு நினைச்சன்."

"நான்தான், ரீச்சர். அவர் என்ன சாப்பிடுறார்?"

"அவர் ஒண்டும் சாப்பிடேல்லை. ரெண்டும் எனக்குத்தான் வாங்கினவர்" என்றார் ரீச்சர், வாயில் ஜாமோடு. "நீ எப்ப வாறாய்? செவ்வரத்தைக் கொப்புத் திரும்பவும் எழும்பிட்டுது. உன்ரை மனிசனுக்கு வளைக்கத் தெரியேல்லை."

படம் நல்ல தெளிவாக இருந்தது. இருந்தாலும் நான், "ஓம், ரீச்சர். வாற கிழமை வாறன்" என்றேன்.